பேசாதவர்கள் டீம்

ஜூன் 2, திங்கள்

இன்று ஒரு விளையாட்டு தொடங்கியிருக்கிறேன். காரணம் என்று எதுவும் இல்லை. மத்தியானம் கடையில் கரண்ட் போய்விட்டது, போனில் சார்ஜ் இருந்தது, அவ்வளவுதான்.

விளையாட்டு பழசு. காடு, குகை, ஆற்றங்கரை என்று ஒவ்வொரு இடமாகப் போய் விசித்திரமான ஜந்துக்களைப் பிடித்து வளர்க்க வேண்டும். அவற்றைப் பிறத்தியாரின் ஜந்துக்களோடு மோதவிட வேண்டும். வழியில் எட்டுக் கோட்டைகள், கோட்டைக்கு ஒரு தலைவன். நம் ஜந்து அடிபட்டு மயங்கி விழுந்தால் மருந்து கொடுத்து எழுப்பிவிடலாம். சின்னப் பிள்ளைகள் விளையாடுவது. நான் ஏற்கெனவே இரண்டு தடவை முடித்துவிட்டேன்.

இந்தத் தடவை கஷ்டமான முறையில். இப்படி விளையாடுகிறவர்கள் ஊர் உலகமெல்லாம் இருக்கிறார்கள், வீடியோவில் பார்த்தேன். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, தாங்களே தங்களுக்குப் போட்டுக்கொள்கிற சட்டம். ஓர் இடத்தில் முதலில் எதிர்ப்படும் ஜந்தை மட்டும்தான் பிடிக்கலாம், நோஞ்சானாக இருந்தாலும் அதுதான். மயங்கி விழுந்தால் செத்ததாகக் கணக்கு, எழுப்பக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தே ஆக வேண்டும். பெயர் வைத்தால்தான் சாகும்போது வலிக்குமாம். வலிப்பதற்கென்று ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள், புத்திசாலிகள்.

நான் என் பங்குக்கு ஒரு சட்டம் சேர்த்துக்கொண்டேன். என்னோடு பேச்சை நிறுத்தியவர்களின் பெயரைத்தான் வைப்பேன். பெயருக்குப் பஞ்சமே வராது.

சாயங்காலம் பால், தக்காளி, கொசுவத்தி வாங்கினேன். அண்ணன் வீட்டில் மதினிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமையே பிறந்துவிட்டது. பெரியப்பா மகள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு சின்னக் கை மட்டும் தெரிந்தது.

ஜூன் 4, புதன்

முதல் ஜந்து ஒரு நத்தை. பெரியப்பா பெயரை வைத்தேன். எதைத் தொட்டாலும் ஓட்டுக்குள் போய்விடுகிறது, பொருத்தமாகத்தான் இருக்கிறது. இரண்டாவது, ஓயாமல் கத்தும் ஒரு பறவை. கோமதி அத்தை.

கடையில் இன்று மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு சாவு. கோவில்பட்டியில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் வேலை பார்ப்பவளுக்கு ஊர் நிலவரம் செய்தித்தாள் பார்க்காமலே தெரியும். கல்யாண வீட்டுக்காரர்கள் பத்துத் தடவை திருத்தம் சொல்வார்கள். மாப்பிள்ளையை வெளுப்பாக்கு, மாமனார் போட்டோவைப் பெரிதாக்கு, பின்னால் அருவி விழட்டும். சாவு வீட்டுக்காரர்கள் ஒன்றும் கேட்பதில்லை. அரை மணி நேரத்தில் வேண்டும் என்பார்கள், அழுதுகொண்டே ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களும் கீழே வரும் பெயர்களை மட்டும் இரண்டு தடவை வாசித்துப் பார்ப்பார்கள். யார் பெயர் விட்டுப்போனதோ அவர் சாகிறவரைக்கும் பேச மாட்டார்.

ஜூன் 5, வியாழன்

தலைவலி. இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

ஆற்றங்கரையில் ஒற்றைக் கொம்போடு ஒரு கன்று. மண் நிறம், அகலமான மூக்கு. சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, திரும்பி நின்றுகொள்கிறது. யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. சீனிப்பாண்டி என்று வைத்தேன்.

ஜெயமுருகன் பெயரை வைக்கலாமா என்று பார்த்தேன். சட்டப்படி செல்லாது. என் புருஷன் என்னோடு பேச்சை நிறுத்தவில்லையே. குடித்த நாளெல்லாம் புதுப்புது நம்பரிலிருந்து கூப்பிட்டுப் பேசத்தான் செய்கிறான்.

எனக்கும் அண்ணனுக்கும் கல்யாணம் ஒரே பந்தலில், ஒரே முகூர்த்தத்தில் நடந்தது. ஜெயமுருகனுக்கு என்னைக் கொடுத்தார்கள், அவன் தங்கை உமாராணியை எங்கள் அண்ணன் சீனிப்பாண்டிக்கு எடுத்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் இரண்டு பக்கமும் அடங்கி இருக்கும் என்பது பெரியவர்கள் கணக்கு. வாங்கிய அடி போதும் என்று நான் ஒருநாள் பையோடு இறங்கி வந்தேன். உங்கள் பெண் இங்கே திரும்பி வராவிட்டால் எங்கள் பெண் அங்கே இருக்க மாட்டாள் என்று அவர்கள் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அண்ணன் மூன்று நாள் யோசித்தான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. என்னை ஒதுக்கிவிட்டான் என்றதும் அவர்கள் அடங்கினார்கள், மதினி தங்கிவிட்டாள். அப்பா இல்லை. அம்மா அண்ணன் வீட்டில் இருப்பதால் அவளும் பேசுவதில்லை.

நான் கோவில்பட்டிக்கு வந்து இந்த அறையை எடுத்தேன். எங்கள் ஊர் ஆவுடைபுரத்துக்கு இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். இரண்டு வருஷமாகப் போகவில்லை.

எங்கள் பக்கத்தில், பெயர் வைக்கிற அன்று பிள்ளையை மடியில் வைத்துக் காதில் மூன்று தடவை பெயர் சொல்வது அத்தைதான். அந்தப் பிள்ளைக்கு அத்தை என்று நான் ஒருத்திதான் இருக்கிறேன். கூப்பிடுவார்களா என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. முறை எதுவென்று எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டாவது கோட்டையில் பெரியப்பா செத்தார். ஓட்டுக்குள் போகச் சொல்லியிருக்கலாம், நான் முன்னால் போகச் சொன்னேன்.

கடையில் வேலை இல்லை. கை சும்மா இருக்கவில்லை. சாவு பேனருக்கு வைத்திருக்கும் டிசைனைத் திறந்து, நத்தைப் படத்தைப் போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரியவிட்டு, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று அடித்தேன். தோற்றம், மறைவு, கீழே வருந்தும் குடும்பத்தார். நன்றாக வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

பிரிண்டிங் மெஷின் பார்க்கும் தேவசகாயம் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “என்ன தாயி, நத்தைக்கா சாவு?” என்றார்.

“ஆமா அண்ணாச்சி. எங்க பெரியப்பா.”

அவருக்கு அறுபது வயதாகப் போகிறது. டீ வாங்கப் போய்விட்டார். பேச்சே இல்லாத நல்ல மனுஷர். நான் சாப்பிடவில்லை என்றால் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

ஜூன் 13, வெள்ளி

கோமதி அத்தையும் போய்விட்டாள். பேனர் போட்டேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை, டிசைன் மட்டும் நன்றாக வந்தது.

முள்ளெலி மாதிரி ஒன்று கிடைத்திருக்கிறது. மதினி பெயர்.

சீனிப்பாண்டி நன்றாக இருக்கிறான். அவனை வரிசையில் கடைசியில் வைத்திருக்கிறேன். மற்றவர்கள் சண்டை போடட்டும்.

ஜூன் 17, செவ்வாய்

ஸ்டுடியோக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு பேனர் ஆர்டர் அனுப்பினார். பெயர் சூட்டு விழா, 29ஆம் தேதி ஞாயிறு, ஆவுடைபுரம். குழந்தையின் படம் முழுசாக இன்றுதான் பார்த்தேன். மூக்கு எங்கள் வீட்டு மூக்கு.

தாய்மாமன் ஜெயமுருகன் படம் பெரிதாக வர வேண்டுமாம், கூலிங் கிளாஸோடு. அப்பத்தா பெயர் இருந்தது, தாத்தா பெயர் இருந்தது, பெரியப்பா, சித்தப்பா, பங்காளிகள், அண்ணன் ஓட்டுகிற வண்டியின் சொந்தக்காரர் பெயர்கூட இருந்தது. ‘அத்தை’ என்று ஒரு வரி இல்லை.

ஆர்டர் எந்தக் கடைக்குப் போகிறது, யார் கையால் அடிக்கப் போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. எல்லாவற்றையும் அடித்தேன். பெயர்களில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தது, திருத்தினேன்.

மெஷினில் ஓடும்போது அண்ணாச்சி வாசித்துப் பார்த்தார். “ஒரு பேரு விட்டுப்போச்சே தாயி.”

“விட்டுப்போகல அண்ணாச்சி.”

 சாயங்காலம் அவர் எனக்கு ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் வாங்கி வைத்துவிட்டுப் போனார். தின்னப் பிடிக்கவில்லை. ஹவுஸ் ஓனர் பிள்ளைகளிடம் கொடுத்தேன்.

ஜூன் 18, புதன்

ஆறாவது கோட்டை. மதினி செத்துப்போனாள். என் கவனம் வேறு எங்கோ இருந்தது.

பேனர் போட உட்கார்ந்தேன். ‘மறைவு’ என்று அடித்தேன். பச்சை உடம்புக்காரி, பக்கத்தில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பாள். என்ன காரியம் செய்கிறேன் நான்? அழித்துவிட்டேன். வேலை முடிந்து நேராகச் செண்பகவல்லி அம்மன் கோவிலுக்குப் போய் விளக்குப் போட்டேன். எனக்கும் அந்த அம்மன் பெயர்தான். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

விட்டுவிடலாமா என்று இருக்கிறது. யாரும் என்னை விளையாடச் சொல்லவில்லை. ஆனால் விட்டால் என்ன செய்வேன்? சோறு பொங்குவேன், துணி துவைப்பேன், 29ஆம் தேதி வரும். அதனால் விளையாடுகிறேன்.

ஜூன் 23, திங்கள்

ஏழாவது கோட்டை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆடினேன். ஒவ்வொருவராக விழுந்தார்கள். கடைசியில் சீனிப்பாண்டி ஒருத்தன்தான் மிச்சம். அனுப்பாமல் இருக்க வழி இல்லை. இருந்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். ஒரே அடி. கொம்பைத் தூக்குவதற்குள் விழுந்துவிட்டான்.

எல்லோரும் செத்தால் ஆட்டம் முடிந்தது. அதுவும் சட்டம்தான்.

அழுதேன். ஒரு பொம்மைக் கன்றுக்கு இப்படி அழுவேன் என்று நினைக்கவே இல்லை. ஏங்கி ஏங்கி, மூக்கு ஒழுக, கீபோர்டில் தலையை வைத்து அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டுப் பேனர் போட உட்கார்ந்தேன். வெ. சீனிப்பாண்டி. தோற்றம் என்ற இடத்தில் அவன் பிறந்த தேதியைப் போட்டேன், எனக்குத் தெரிந்த தேதி அதுதானே. மறைவு, இன்றைய தேதி. கன்றின் படத்தை எடுத்துப் போட மனம் வரவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டேன்.

அண்ணாச்சி பின்னால் வந்து நின்றது தெரியும். ஒன்றும் கேட்கவில்லை. தோளைத் தொட்டு, “வீட்டுக்குப் போ தாயி. மெஷின நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

வந்து படுத்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன். அம்மா நம்பர். இரண்டு வருஷத்துக்குப் பிறகு திரையில் ‘அம்மா’ என்று வந்ததைப் பார்த்து, எடுக்கவே பயமாக இருந்தது.

“செம்பகம்... அண்ணன் போயிட்டான்டி... நம்மள விட்டுட்டுப் போயிட்டான்டி...”

பின்னால் பெண்கள் ஒப்பாரி. போன் கட்டாகிவிட்டது. அண்ணன் நம்பருக்கு அடித்தேன், சுவிட்ச் ஆஃப். நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு டிக்கெட் கேட்கவில்லை. அண்ணன் கொல்லத்துக்குத் தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு போகிறவன், மலைப்பாதை. நேற்று நான் அந்தத் தேதியை அடித்தேன், இன்று அவன் போய்விட்டான். நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன். அரை மணி நேரம் அப்படித்தான் நினைத்தேன். 

ஆவுடைபுரம் ஸ்டாப்பில் இறங்கினேன். நிழற்குடையில் பேனர் கட்டியிருந்தது. என் குத்துவிளக்கு. என் எழுத்து. நான் காலியாக விட்ட கட்டத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான், கழுத்தில் கல்யாண மாலையோடு. எங்கள் கல்யாண பேனரிலிருந்து வெட்டி எடுத்த படம். அந்தப் பேனரை அடித்ததும் எங்கள் கடைதான். கீழே நான் அடிக்காத ஒரு வரி பெரிய எழுத்தில் இருந்தது: ‘ஆறாத் துயரில் அன்புத் தங்கை வெ. செண்பகவல்லி.’

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

“அண்ணாச்சி, யாரு இதக் கட்டினது?”

“நாந்தான் தாயி. விடியக்காலம் வெள்ளனமே வந்து கட்டிட்டுப் போனேன். நீ அழுதுகிட்டுக் கெடந்த. போட்டோகூட உன்கிட்ட இல்ல போல, பழைய ஃபைல்ல தேடி எடுத்தேன். அன்னைக்கு அந்தப் பிள்ள பேனர்ல உன் பேரப் போடாம விட்டாக. இதுலயாவது ஊரு பாக்க உன் பேரு வரட்டும்னு...” என்றார். “அண்ணன எடுத்தாச்சா தாயி?”

ரோட்டில் நின்று சிரித்தேன். இந்தப் பேனரைப் பார்த்துத்தான் வீட்டில் அழுதிருக்கிறார்கள். அவன் சாகவில்லை. வண்டி ஓட்டும்போது போனை அணைத்து வைப்பவன், எங்கேயோ ஓர் இட்லிக் கடையில் தின்றுகொண்டிருப்பான். அந்தச் சந்தோஷம் மாதிரி ஒன்றை நான் பட்டதில்லை. பிறகுதான் தெருவைப் பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலில் பந்தலுக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குப் போன உடனே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மற்றதை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 25, புதன்

போன உடனே சொல்லவில்லை. பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்?

தெருவில் என்னைப் பார்த்ததும் எல்லோரும் வழிவிட்டார்கள். அம்மா ஓடி வந்து என்மேல் விழுந்தாள். “வந்துட்டியாடி என் தாயி... வந்துட்டியா...” என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் தலையில் அதே விளக்கெண்ணெய் வாசனை. சொல்ல வாயைத் திறந்தேன், திறந்தபடியே இருந்தேன். பெற்ற மகன் செத்துவிட்டான் என்று ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறாள், நான் அவளைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று நின்றேன். இதற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

உள்ளே பிள்ளை வீறிட்டது. மதினி தரையில் கிடந்தாள், யாரோ அவள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன்.

“மதினி, அண்ணன் நல்லாருக்கான். அந்தப் பேனரு தப்பு. நான் செஞ்சது.”

“என்ன சொல்லுத?”

“போன்ல ஒரு விளையாட்டு. அதுல ஒரு ஜந்துக்கு அண்ணன் பேரு வச்சிருந்தேன். அது செத்துப்போச்சு. சும்மா ஒரு பேனரு போட்டு வச்சேன், கடையில தெரியாம அடிச்சுக் கட்டிட்டாக.”

ஒப்பாரி நின்றது. வாசலில் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தவர் உள்ளே எட்டிப் பார்த்து, “ஜந்துக்கா பேனரு?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அம்மா வந்து ஓங்கி ஓர் அறை விட்டாள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பெரியம்மா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரி என்று எல்லோரும் ஏசினார்கள். வாழாவெட்டிக்குக் கொழுப்பு என்றார்கள், கூடப்பிறந்தவனைச் சாகடித்துப் பார்க்கிறாள் என்றார்கள். கேட்டுக்கொண்டேன். போ என்று யாராவது சொன்னால் போய்விடலாம் என்று இருந்தேன். சொல்லவில்லை, அண்ணன் வரட்டும் என்றார்கள்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி வந்தது. அண்ணன் இறங்கியதும் அம்மா அவன் காலைக் கட்டிக்கொண்டாள். மதினி பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். “ஆயுசு கெட்டிடா உனக்கு” என்று தெருவே சொன்னது. அவன் அக்குளில் ஒரு சுருள் இருந்தது. ஸ்டாப்பில் பேனரைப் பார்த்து அவனே அறுத்து எடுத்து வந்திருக்கிறான். பிள்ளையை மதினியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதை வாசலில் விரித்து மேலிருந்து கீழே வாசித்தான்.

“பொறந்த தேதியெல்லாம் சரியாத்தான் போட்டிருக்க” என்றான்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. விளையாட்டுக் கதையை அம்மா அவனிடம் சொன்னாள்.

“எதுக்குட்டி என் பேர வச்ச?”

“பேசாதவங்க பேரத்தான் வச்சேன்.”

“வேற யாரு பேரு?”

“பெரியப்பா, கோமதி அத்தை.” மதினி இருந்தாள், அவள் பெயரைச் சொல்லவில்லை.

“நான் எப்படிச் செத்தேன்?”

கேலியா, கோபமா என்று முகத்தில் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னேன். “ஏழாவது கோட்டையில எல்லாரும் போயிட்டாங்க. நீ மட்டுந்தான் மிச்சம். ஒரே அடியில விழுந்துட்ட.”

“ஒரே அடியா? அவ்வளவு நோஞ்சானா நானு?”

“உன்னச் சண்டைக்கே விடல. முதல்லருந்து கடைசியிலயே வச்சிருந்தேன். உனக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு.”

“சண்டைக்கே விடாட்டி எப்படிட்டி பலம் வரும்?” என்றான். பேனரைக் காலால் தள்ளினான். “ரெண்டு வருசமா நீ அதத்தான செஞ்ச? ஒரு நாளாவது இந்த வாசல்ல வந்து நின்னு, ஏன்டா இப்படிப் பண்ணினன்னு கேட்டியா? கோவில்பட்டியில போயி உக்காந்துகிட்ட. நீ வருவ, சட்டையப் பிடிப்பன்னு நானும் பாத்தேன், பாத்தேன், பாத்துக்கிட்டே இருந்தேன்.”

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம், அது வரைக்கும் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

“நான் வந்து கேக்கணுமாடா? அடிபட்டு வந்தவ நானு! கன்னம் வீங்கி இந்த வாசல்ல நின்னப்ப நீ என்ன செஞ்ச? மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன. மாட்டுக்கு! உன் பொண்டாட்டி உனக்கு வேணும், அதுக்கு என் வாய அடைச்ச. பிள்ள பொறந்தத நான் அடுத்தவ ஸ்டேட்டஸ்ல பாக்கணுமா? அந்தப் பேனர நாந்தான் அடிச்சேன்டா. என்னை அடிச்சவன் படத்தப் பெருசாப் போட்டது இந்தக் கை. வண்டிக்காரன் பேரு இருக்கு, என் பேரு இல்ல. நீ செத்தாத்தான் என் பேரு உன் பேருக்குக் கீழ வருமா?”

“என்னைய என்ன செய்யச் சொல்லுத? அவ போயிருந்தா?”

“போயிருந்தா போகட்டும்னு சொல்லியிருக்கணும்!”

“சொல்லிட்டு? நான் யாரோட வாழ?”

தெரு முழுக்க நின்று பார்த்தது. நான் செருப்பை எறிந்தேன் என்று அம்மா சொல்கிறாள், எனக்கு ஞாபகம் இல்லை. அவன் என்னைச் சுயநலக்காரி என்றான், நான் அவனைப் பயந்தாங்கொள்ளி என்றேன். இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம், அதனால் பாதி கேட்கவில்லை. அம்மா நடுவில் வந்து இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

மதினி பிள்ளையோடு நிலைவாசலில் நின்றிருந்தாள். அவள் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. நேற்றும் சத்தம் போடவில்லை.

“நான் போறேன்னு எப்பச் சொன்னேன்?” என்றாள்.

அண்ணன் திரும்பினான்.

“எங்க வீட்டுல சொன்னாக. நீங்க கேட்டுக்கிட்டீங்க. என்கிட்ட யாரு கேட்டா? எங்க அண்ணன் கை நீட்டுறவன்னு எனக்குத் தெரியாதா, அவன்கூடப் பொறந்து வளந்தவ நானு. செம்பகம் வந்ததுதான் சரின்னு எனக்கும் தெரியும். அவ எத்தனை வருசம் திரும்பிப் போகாட்டியும் நான் இங்கதான் இருந்திருப்பேன். ஒரு நாளு என்கிட்டக் கேட்டிருக்கலாம்.”

 அவள் போகக் கூடும் என்று அண்ணன் பயந்தான், போகக் கூடாது என்று நான் ஒதுங்கினேன். அந்த இரண்டு வருஷமும் அவளுக்குப் போகிற எண்ணமே இருந்ததில்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பந்தல்காரர் ஊன்றிய கம்புகளைப் பிடுங்க ஆரம்பித்தார். கூலி கிடைக்குமா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது.

சோறு போட்டார்கள். எல்லோரும் தின்றோம். பிள்ளையை என் மடியில் யாரும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அண்ணன்தான் லோடு வண்டியில் கொண்டுவந்து விட்டான்.  என் தெரு முனையில் நிறுத்திவிட்டு, ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“ஞாயித்துக்கெழம வெள்ளனமே வந்துரு.”

“உன் மச்சான் வருவான்.”

“வரட்டும். அவன நான் பாத்துக்கிடுதேன். நீ வந்து மிச்சச் சண்டையப் போடு.”

ஜூன் 26, வியாழன்

நடந்தது தெரிந்து அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. காலையிலிருந்து மெஷினுக்குப் பின்னாலேயே நின்றார். நான்தான் டீ வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“பெரிய பாவம் பண்ணிட்டேன் தாயி.”

“எங்க அண்ணன் பேசிட்டான் அண்ணாச்சி.”

“என்ன சொன்னான்?”

“நெறைய ஏசினான்.”

அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு, “நல்லது” என்றார்.

ஜூன் 29, ஞாயிறு

ஆறு மணி பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்தது, ஆட்டத்தில் எழுத்து கோணுகிறது. செவ்வாய்க்கிழமை சொல்ல மறந்தவை எவ்வளவோ இருக்கின்றன, எல்லாம் இந்த நாலைந்து நாளில்தான் ஞாபகம் வருகின்றன. ஜெயமுருகன் முகத்தில் விழிக்க வேண்டும். அண்ணன் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். பார்த்துக்கொள்ளாவிட்டால் அவன் சட்டையைப் பிடிப்பேன்.

கத்தியதில் கட்டிய தொண்டை இன்னும் சரியாகவில்லை. மிளகும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கி வைத்திருக்கிறேன். இன்றைக்குக் குரல் வேண்டும்.